தரையைக் கொடுங்கள், அப்புறம் இடுப்பைப் பற்றிப் பேசலாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்தத் திறந்தவெளி விழாவில் எங்கள் குழு பெல்லி டான்ஸ் ஆடினாலும் மறுநாள் வரும் பேச்சு ஒன்றுதான்: தமிழ்ப் பெண் வயிறு தெரிய ஆடலாமா? கமிட்டி அண்ணன்கள் கேட்கிறார்கள், நம் ஆட்கள் நிறைந்த சாட்ஸ்வர்த் பகுதி ஆன்ட்டிகள் கேட்கிறார்கள், ஊரிலிருந்து சித்தி வாட்ஸ்அப்பில் கேட்கிறாள். புடவையில் தெரியாத இடுப்பா என்று ஒரு காலத்தில் வரிந்துகட்டிக்கொண்டு பதில் சொன்னேன். இப்போது அலுத்துவிட்டது. இந்த ஆட்டத்துக்குப் பேர்போன எகிப்திலேயே, அதிபர் நாசர் காலத்தில் ஆட்டக்காரிகள் வயிற்றை வலைத்துணியால் மறைக்க வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. அங்கேயே தீராத சண்டையை நான் கமென்ட் பாக்ஸில் தீர்த்து வைக்கப்போவதில்லை.

என் ஆற்றாமை வேறு. வயிற்றைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் ஊரில், எங்கள் கால் எதன்மேல் நின்றது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

போன கோடையில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். ஜனவரி, மத்தியானம். டர்பன் ஜனவரி எப்படி என்று இங்கிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். நிழலில் சும்மா நின்றாலே முதுகு நனையும். கார் பார்க்கிங் தாரில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, “இதுதான் உங்கள் ஸ்டேஜ்” என்றார்கள். நாங்கள் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். பக்கத்திலேயே பிள்ளைகள் குதிக்கும் ஜம்பிங் காஸில், அதற்குக் காற்றடிக்கும் ஜெனரேட்டர். ஸ்பீக்கர் இரண்டும் ஜனங்களைப் பார்த்து. எங்கள் பாட்டு எங்களுக்கே கேட்கவில்லை. தாளம் பிடிக்க விரலில் மாட்டும் பித்தளைச் சில்லுகள் வெயிலில் காய்ந்து சுட்டன. அதை ஜால்ரா என்றுதான் நான் சொல்வேன். அன்றைக்கு ஜெனரேட்டருக்குத்தான் ஜால்ரா போட்டோம்.

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள்” என்பார்கள். இந்த ஆட்டத்தில் அது ஏன் நடக்காது என்று சொல்கிறேன்.

சினிமாவில் பார்க்கும் பளபளப்பான எகிப்திய பெல்லி டான்ஸ், அதாவது ரக்ஸ் ஷர்கி, பெரும்பாலும் ஒருத்தி தனியாக ஆடுவது. கெய்ரோவில் பாடியா மசாப்னி 1926இல் தொடங்கிய மாதிரியான கேளிக்கை விடுதிகளில் வளர்ந்த ஆட்டம் அது. வழவழப்பான தரை, விளக்கு, கையெட்டும் தூரத்தில் வாத்தியக்காரர்கள். நாங்கள் ஆடுவது அதன் அமெரிக்கப் பேத்தி. 1968இல் ஜமீலா சலீம்பூர் என்பவர் கலிபோர்னியாவில் ஒரு வெளிப்புற விழாவுக்காகவே தன் மாணவிகளைக் குழுவாகத் திரட்டினார். அந்த வழியில் வந்த கரோலினா நெரிச்சியோ 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் தன் குழுவைத் தொடங்கி, கூட்டாக ஆடுவதற்கு ஒரு முறையை வகுத்தார். அந்த முறையில் முன்கூட்டியே அமைத்து வைத்த நடனம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே அசைவுகள் தெரியும். அடுத்து எது என்பதை முன்னால் நிற்பவள் அந்த நொடியில் முடிவு செய்வாள். கையை உயர்த்தும் கோணம், ஒரு தலைத்திருப்பல், அவ்வளவுதான் சைகை. பின்னால் நிற்பவர்கள் அதைப் பார்த்து அதே தாளத்தில் மாற வேண்டும். தலைவி இடது முன்மூலையில் நிற்பாள், எல்லோரும் உடம்பை லேசாக இடப்பக்கம் திருப்பி நிற்போம். அப்போதுதான் அவள் கை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

இப்போது எங்களை ஒரு லாரி டிரெய்லரில் ஏற்றினால் என்ன ஆகும்? ஏற்றியிருக்கிறார்கள். அகலம் இல்லாததால் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக நின்றோம். கடைசியில் நின்ற எனக்கு முன்னிருப்பவளின் கொண்டைப்பூ தெரிந்தது, தலைவியின் கை தெரியவில்லை. பார்த்தவர்கள், “பிராக்டிஸ் பத்தவில்லை போல” என்றார்கள்.

கடற்கரை என்றால் இன்னொரு கூத்து. மத்தியானத்துக்கு மேல் வடகிழக்குக் காற்று கிளம்பிவிடும். எங்கள் பாவாடையின் சுற்று 25 கஜம். அதற்குள் காற்று புகுந்தால் ஆடுவதை விட்டுவிட்டுப் பாவாடையை மேய்க்க வேண்டியதுதான். மேடையைக் காற்றுக்கு முதுகு காட்டிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். காசு செலவில்லாத வேலை.

இதெல்லாம் நம் ஆட்களுக்குத் தெரியாத விஷயமா என்றால், அதுதான் கோபம். டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் தெருக்கூத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். இங்கே அதற்கு சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர். வெட்டவெளியில் விடிய விடிய ஆடும் ஆட்டம். கூத்துக்காரர்களுக்குக் களம் என்றால் என்னவென்று தெரியும். வாத்தியக்காரர்கள் ஆடுபவரின் முதுகுக்குப் பின்னாலேயே இருப்பார்கள், தாளம் முதலில் ஆடுகிறவர் காதில் விழும். அந்தப் பரம்பரையில் வந்தவர்கள் சாக்பீஸ் கட்டம் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

பின்னே ஏன் போகிறீர்கள் என்று கேட்கலாம். மண்டபத்தில் கிடைக்காதது ஒன்று வெளியில் கிடைக்கிறது. ஒரு தடவை புல்தரையில் ஆடிக்கொண்டிருந்தபோது, பழம் விற்றுக்கொண்டிருந்த ஜூலு பாட்டிகள் சிலர் நாக்கைச் சுழற்றிக் குலவையிட ஆரம்பித்தார்கள். எகிப்தில் கல்யாண வீட்டுப் பெண்கள் எழுப்புவதும் அதே மாதிரிச் சத்தம்தான்; எங்கள் ஊர் முளைப்பாரியில் நான் கேட்டு வளர்ந்ததும் அதுதான். கூட்டத்தில் இருந்த ஒரு தமிழ் ஆன்ட்டி, அதுவரை முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தவர், தன்னையறியாமல் சேர்ந்து குலவையிட்டார். தலைவி திரும்பிப் பார்த்தாள், கையை உயர்த்தினாள், வேகம் ஏறியது. ஒத்திகையில் எங்களுக்கு வராத வேகம் அது.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஜேக்கு ரேண்டில் ரொக்கம், எங்களுக்கு பன்னி சௌ (ரொட்டிக்குள் கறிக்குழம்பு) கூப்பன். “உங்களுக்கும் விளம்பரம்தானே” என்பவர்கள் டிஜேயிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இப்போதெல்லாம் கூப்பிடுகிறவர்களுக்கு முதலிலேயே ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிடுகிறோம். ஆழத்தைவிட அகலம் அதிகமான இடம், தாரின்மேல் பிளைவுட், எங்களைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர், நாலு மணிக்கு மேல் நேரம், துணி மாற்றக் கதவுள்ள ஒரு அறை. சிலர் அதைப் படித்துவிட்டுப் பதிலே போடுவதில்லை. போகட்டும். அடுத்த விழாக்காரர்கள் பிளைவுட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் சரி என்றிருக்கிறார்கள். துணி மாற்ற இடம்தான் பேச்சில் நிற்கிறது. நாற்காலி அடுக்கி வைத்திருக்கும் கன்டெய்னர் ஒன்றைக் காட்டினார்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை. போட்டுத் தருகிறோம் என்றார்கள். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டுத்தான் உறுதி சொல்வோம்.