சகேயு ஏறின முருங்கை

உடுவிலில் எங்கள் ஒழுங்கையில் மிச்சமிருக்கிற ஒரேயொரு கிடுகு வேலி, இளைப்பாறிய ரீச்சர் வீட்டுக்கும் பரமேஸ்வரி அக்கா வீட்டுக்கும் நடுவில்தான். மற்றவர்கள் எல்லாரும் மதில் கட்டிவிட்டார்கள், ஆகவே ஊர்க்கதை கேட்க வேண்டுமென்றால் அந்த வேலியடிக்குத்தான் போகவேண்டும். ரீச்சர் தென்னிந்தியத் திருச்சபை, அக்கா சைவம். வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது, அக்காவின் எட்டு வயதுப் பேரனின் உடம்பு அளவுக்கு. இரண்டு வருஷமாக அதை அடைக்கப் போவதாக இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை காலை அக்கா கையில் ஒரு முறிந்த கொப்போடு வேலியடிக்கு வந்தார்.

அக்கா: ரீச்சர், இஞ்ச ஒருக்கால் வாங்கோ. இது என்ன?

ரீச்சர்: முருங்கைக் கொப்பு. இலை நல்ல பிஞ்சாக இருக்கு, வறை வறுக்கலாம்.

அக்கா: வறையைப் பிறகு பார்ப்போம். உங்கட சிநேகிதன் நேற்றுப் பின்னேரம் இதிலதான் ஏறினவன். ஏனடா ஏறினாய் என்று கேட்டால், இயேசு ஒழுங்கையால வாறாரோ என்று பார்க்கத்தானாம்.

ரீச்சர்: ஐயோ, விழுந்தவனோ?

அக்கா: முருங்கையில ஏறினவன் விழாமல் வேற என்ன செய்வான்? கீழே மாட்டெருக் கும்பி இருந்தபடியால் தப்பினான். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, மற்றபடி மணம் மட்டும்தான்.

ரீச்சர்: சகேயுவின் கதை சொன்னனான், ஓம். எரிகோ ஊரில் வரி வாங்குற ஆயக்காரருக்குத் தலைவன், ஆள் கட்டை, சனக்கூட்டத்தில் இயேசு தெரியவில்லை என்று மரத்தில் ஏறினவன். ஆனால் பரமேஸ், அவன் ஏறினது காட்டத்தி மரம். லூக்கா 19ஆம் அதிகாரம், நான் வாசித்தே காட்டினனான், அந்தப் பக்கத்தில் கொய்யாப்பழக் கையோடு அவன் விரல் வைத்த அடையாளம் இன்னும் இருக்கு, வேண்டுமென்றால் கொண்டு வந்து காட்டுறன். முருங்கையில் ஏறச் சொல்லி வேதத்தில் எந்த இடத்திலும் இல்லை.

அக்கா: எங்கட கதையில முருங்கையில ஏறுறது வேதாளம். உங்கட கதைக்குள்ள எங்கட மரத்தைக் கொண்டு வந்து நட்டிட்டான் போல.

ரீச்சர்: சரி, முருங்கைதானே, தழைக்கும்.

அக்கா: முருங்கையோடு முடிஞ்சால் நான் ஏன் வாறன்? மூன்றாம் வீட்டு மாஸ்டர் விடியவே வந்து, "மாம்பழம் அந்தமாதிரி, நன்றி பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பார்த்தால், இவன் அவருடைய வளவில் ஒரு பழத்தைக் களவெடுத்திருக்கிறான், அதற்குப் பரிகாரமாக நான் வைக்கோலுக்குள் பழுக்க வைத்திருந்த கறுத்தக்கொழும்பானில் திறமான நாலைத் தெரிந்தெடுத்துக்கொண்டு போய் அவருக்கு முன்னால் தலையைக் குனிந்து நின்று, "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று சொன்னவனாம். கொழும்பில் இருக்கிற தங்கச்சிக்கு என்று வைத்த பழம் ரீச்சர்!

ரீச்சர்: (முகம் மலர்ந்து) அப்படியே சொன்னவனோ? நாலத்தனையாக என்றோ? சகேயு சொன்ன வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல்?

அக்கா: நான் பழத்தைக் கதைக்கிறன், நீங்கள் வசனத்துக்கு மாக்ஸ் போடுறீங்கள். சகேயு தன்ர காசைத்தானே குடுத்தவன்? அம்மம்மாவின்ர காசையோ குடுத்தவன்?

ரீச்சர்: அந்த இடத்தை நான் அழுத்திச் சொல்லவில்லைத்தான். வாற கிழமை சொல்லுறன்.

அக்கா: வாற கிழமை வரைக்கும் மாஸ்டர் பொறுக்கவேணுமே. படலையை அகலத் திறந்து வைத்துவிட்டு, எப்ப இவன் திரும்பக் களவெடுக்க வருவான் என்று சாய்மனைக் கதிரையில் காவல் இருக்கிறார்.

இந்த இடத்தில் ரீச்சருக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக மாறி, அக்கா வேலிக்கு மேலால் தண்ணீர்ச் செம்பை நீட்டவேண்டியதாகப் போய்விட்டது. சண்டை பிடிக்க வந்த ஆள் செம்போடு ஏன் வந்தார் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அக்கா: கேட்கிறன் என்று குறை நினைக்காதீங்கோ. பென்சன் வருது, பிள்ளைகள் கனடாவில் நல்லா இருக்கினம். இந்தக் குரங்கோடு ஏன் மாரடிக்கிறீங்கள்?

ரீச்சர்: ஒரு ஞாயிறு போதகர் தீமோத்தேயுவைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினவர். அவனுடைய விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடம் இருந்தது, பிறகு தாய் ஐனிக்கேயாளிடம், பிறகு அவனிடம். நான் வீட்டுக்கு வந்து என்ர பேரப்பிள்ளைகளை நினைச்சுப் பார்த்தன். வட்ஸ்அப்பில் வருவினம், நெற்றி மட்டும் தெரியும். ஒரு சின்ன ஜெபம் பண்ணுவமோ என்று கேட்டுக் கண்ணை மூடித் திறந்தால் அங்கே ரொறன்ரோ வீட்டுக் கூரைதான் தெரியுது, போனைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போயிட்டினம். காணியை எழுதி வைக்க நொத்தாரிசு இருக்கிறார் பரமேஸ். இதுக்கு எந்த நொத்தாரிசிட்டைப் போய் உறுதி முடிக்கிறது?

அக்கா: அதுக்கு என்ர பேரனை ஈட்டுக்கு எடுத்தீங்களோ?

ரீச்சர்: நான் எடுக்கவில்லை, அவன்தான் பொட்டுக்குள்ளால் வந்தவன். கொய்யாப்பழத்துக்கு வந்தான், பிறகு கணக்குச் செய்ய வந்தான், பிறகு கதைக்கு இருந்தான். தாயிட்டைக் கேட்டுத்தான் கதை சொல்லுறனான், அவனுக்கு ஞானஸ்நானம் குடுக்கிற எண்ணம் எனக்கில்லை. கிறீன் வைத்தியரைப் பற்றியும் சொன்னனான். 1847இல் அமெரிக்காவில் இருந்து வந்து, மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்து, எங்கட பெடியங்களுக்கு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்த மனுஷன். எல்லாத்தையும் கேட்டுவிட்டு இவன் கேட்ட கேள்வி, "அவருடைய பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தவையோ?"

அக்கா: நான் பிறந்ததே அந்த மானிப்பாய் ஆஸ்பத்திரியிலதான்.

ரீச்சர்: பார்த்தீரோ, நீர் ஏற்கெனவே எங்கட கணக்கில் இருக்கிறீர்.

அக்கா: கணக்கென்றால் எங்களிட்டையும் இருக்கு. நாவலர் ஐயா பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவினவர். அவ்வளவையும் வாசித்துத் திருத்தின மனுஷன் 1848இல் வண்ணார்பண்ணையில் என்ன தொடங்கினவர்? சைவப்பிரகாச வித்தியாசாலை! ஆனபடியால் நீங்கள் எவ்வளவு கதையும் சொல்லுங்கோ, எனக்குப் பயமில்லை.

ரீச்சர்: எனக்கும்தான். நாவலர் நல்ல தமிழல்லோ படிப்பித்தவர்.

அக்கா: ஆனால் ஒரு விஷயம் கேட்கவேணும். நேற்று இரவு பால் அடுப்பில், இவன் திருநீறு பூசிக்கொண்டு சாமி அறை வாசலில் இருந்து கும்பிடுறான். பார்த்தால் ஒரு கண் மூடியிருக்கு, மற்றக் கண் திறந்து அடுப்பைப் பார்க்குது. என்னடா இது என்று கேட்டேன். "ரீச்சர் இப்பிடித்தான் ஜெபம் பண்ணுறவ. பால் பொங்கினால் ஆண்டவர் வந்து இறக்கமாட்டாராம்" என்று சொல்லுறான்.

ரீச்சர்: (சத்தம் இல்லை)

அக்கா: என்ன ரீச்சர்?

ரீச்சர்: ஆதியாகமத்தில் தொடங்கி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டு வாறன் பரமேஸ். யோசேப்பு, தாவீது, தானியேல், ஒன்றும் விடவில்லை. கடைசியில் அவனிட்டைப் போய்ச் சேர்ந்தது இந்த ஒற்றைக் கண்ணோ?

அக்கா: அதால பால் பொங்கேல்லை, அதையும் சொல்லவேணும். வேறொன்றும் சேர்ந்திருக்கு. முணுமுணுப்பைக் கிட்டப் போய்க் கேட்டேன். அம்மம்மாவின்ர முழங்கால், ரீச்சரின்ர இருமல், மாஸ்டரின்ர நொண்டி நாய் என்று ஒழுங்கையில் ஒரு வீடு விடாமல் சொல்லிக்கொண்டு போறான். என்ர முழங்கால் நோவு நான் மகளுக்கும் சொல்லாதது. இவனுக்கு ஆர் சொன்னது?

ரீச்சர்: நான் ஒவ்வொரு நாளும் ஜெபத்தில் சொல்லுறனான். நீர் கிணற்றடியில் வாளியோடு நிமிரேக்கை காலைப் பிடிக்கிறதை இஞ்சாலை நின்று பார்க்கிறதுதானே. சத்தமாகச் சொல்லுறன் என்று எனக்கே தெரியாது.

அக்கா பேசாமல் முருங்கை இலையை ஒவ்வொன்றாக உருவத் தொடங்கினார். வறைக்குத்தான் போல. பாதிக் கொப்பு உருவினதும் கையை நிறுத்தினார்.

அக்கா: அதிருக்கட்டும், அந்தக் களவெடுத்த பழம் எங்கே போனது? அவன் தின்னவில்லை என்று பிள்ளையார்மேல் சத்தியம் பண்ணுறான்.

ரீச்சர்: செவ்வாய்க்கிழமை என்ர பிறந்தநாள்.

அக்கா: வாழ்த்துக்கள். பழம் எங்கே?

ரீச்சர்: ஒரு மாம்பழம் கொண்டு வந்து தந்தவன், கொப்பித் தாளில் சுற்றி. உம்முடைய மரத்துப் பழம் என்றுதான் நினைச்சன். ஒரு பக்கம் கிளி கொத்தியிருந்தது, அதை வெட்டிவிட்டு மற்றப் பக்கத்தை...

அக்கா: கிளி கொத்தினதெல்லாம் மாஸ்டரின்ர மரம்தான். நான் வலை போட்டிருக்கிறன்.

ரீச்சர்: நல்ல இனிப்பு.

அக்கா: அப்ப களவுப் பழத்தைத் தின்றது நீங்கள், தண்டம் கட்டினது நான். எனக்கு நாலு பழம் நட்டம். உங்கட லூக்கா கணக்கில் நாலத்தனையாக என்றால், நீங்கள் எனக்கு 16 பழம் தரவேணும்.

ரீச்சர்: என்னட்டை மாமரம் இல்லையே பரமேஸ், கொய்யாதான் இருக்கு. பொறும், அவனையே கூப்பிட்டுக் கேட்போம்.

அக்கா: சும்மா இருங்கோ ரீச்சர்! அவன் கேட்டால் மாஸ்டரின்ர மரத்தில் ஏறி அந்த 16ஐயும் பிடுங்கிக்கொண்டு வந்து உங்கட கையில் தருவான். பிறகு மாஸ்டருக்கு 64 பழம் குடுக்கவேணும். அது சொக்கநாதர் திருவிளையாடல் கணக்கு, என்ர ஒரு மரம் தாங்காது.