வுல்வர்ஹாம்ப்டன் தட்டு திருட்டுத் தட்டு அல்ல

“இங்கிலாந்தின் மான்செஸ்டரில், வேறொரு நகரமான வுல்வர்ஹாம்ப்டனின் கவுன்சில் (நகராட்சி) தந்த உரிமத் தட்டோடு ஓடும் வாடகைக் கார் எல்லாம் திருட்டு வண்டி” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. முன்பதிவில் மட்டும் ஓடும் இந்த வாடகைக் கார்களுக்கு, லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் பெரும்பாலும் 1976-இல் வந்த சட்டம்தான். ஓட்டுநர், வண்டி, முன்பதிவு எடுக்கும் நிறுவனம் மூன்றின் உரிமமும் ஒரே கவுன்சிலுடையதாக இருந்தால் போதும். முன்பதிவு செய்த சவாரியை வெளியூரிலும் ஏற்றலாம். 2015-இல் வந்த சட்டம், சவாரியை வேறு கவுன்சில் உரிமம் பெற்ற நிறுவனத்துக்குக் கைமாற்றவும் வழிவிட்டது. அப்புறம் என்ன, உரிமம் எங்கே சுலபமோ அங்கே வரிசை! ஓட்டை சட்டத்தில் இருக்கிறது, ஓட்டுநரைத் திட்டி என்ன பயன்?

முன்பதிவில்லாமல், தெருவில் கை காட்டியவரை ஏற்றினால்தான் குற்றம். உள்ளூர்த் தட்டு வைத்த வாடகைக் காருக்கும் அதே விதி. சரி, புகார் சொல்ல வேண்டுமா? வண்டியின் பின்பக்கத் தட்டில் எந்தக் கவுன்சில் பெயர் இருக்கிறதோ அங்கே எழுதுங்கள். உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் மான்செஸ்டருக்கு இல்லை.