புண்பட்டிருந்தால் வருந்துவார்களாம்

எங்கள் ஊர்க் கடற்கரையில் இருக்கும் அந்தச் சுற்றுலா விடுதியின் விளம்பரத்தை நான் மறுபடி பகிரப் போவதில்லை. "மீன் நாற்றமில்லாத கடற்கரை" என்ற வரியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நேற்று விடுதியிடமிருந்து வந்த மன்னிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்."

அதென்ன 'இருந்தால்'? எழுதியது நிஜம். அச்சடித்து ரோட்டு முக்கில் பேனர் கட்டியது நிஜம். நாங்கள் புண்பட்டது மட்டும் சந்தேகமா?

அம்மா இருபது வருடம் தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்குக் கருவாட்டுக் கூடையோடு பஸ்ஸில் போனவள். கூடைக்கும் சேர்த்து டிக்கெட் எடுப்பாள். எடுத்தாலும் கடைசி சீட்டுதான். ஏறுவதற்கு முன் எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்துக்கொள்வாள். ஒன்பதாம் வகுப்பில் நானும் தேய்க்க ஆரம்பித்தேன், யாரும் சொல்லாமலே. இதில் 'இருந்தால்' எங்கே வருகிறது?

"மீன் நாறத்தானே செய்யும், இதுக்கொரு பதிவா?" என்று ஒருவர் கேட்டார். நாறும் ஐயா. அதே மீனைத்தான் அந்த விடுதியில் வாழை இலையில் வைத்து விற்கிறார்கள். விலையைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். நாற்றமே ஆகாதென்றால் மீன்பிடித் தடைக்காலத்தில் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. எங்களுக்கு அந்த வாசமில்லாத நாட்கள்தான் பயம்.

"அந்த வரியை எழுதின பையனைத்தான் வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களே, இன்னும் என்ன வேணும்?" அவனைத் தூக்கச் சொல்லி யார் கேட்டது? 2021 அக்டோபரில் சொமேட்டோ ஊழியர் ஒருவர், எல்லோருக்கும் கொஞ்சம் இந்தி தெரிந்திருக்க வேண்டும் என்று தமிழ் வாடிக்கையாளரிடம் சொன்னாரே, நினைவிருக்கிறதா? நிறுவனம் தமிழிலேயே மன்னிப்பு கேட்டது. ஊழியரை நீக்கியது. அன்றைக்கே நிறுவனர் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். அப்போது நான் கண்டபடி திட்டினேன். இப்போது யோசித்தால், சேர்த்தது சரி என்றுதான் படுகிறது. அதே வருடம் டிசம்பரில் குளச்சலில் மீன் விற்கும் அம்மா ஒருவரை நாற்றம் என்று பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதற்கு பஸ் ஊழியர்கள் மூன்று பேரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அது வேறு, அங்கே நேரில் நின்று இறக்கிவிட்டார்கள். இங்கே அந்த வரியைப் படித்துப் பார்த்து, நல்லாருக்கு என்று தலையாட்டிய முதலாளி எங்கே? பையனின் சம்பளத்தைக் கொடுத்து மன்னிப்பு வாங்கப் பார்க்கிறார்கள்.

"நாங்கள்தான் எழுதினோம், உங்களைத்தான் இழிவாகச் சொன்னோம், தப்பு." அவர்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதானே? இதற்கு வக்கீல் வேண்டுமா?

"விடுதியைப் பகைச்சா நம்ம பிள்ளைகளுக்குத்தான் வேலை போகும்" என்கிறார் பெரியப்பா. அவர் மகள் அங்கேதான் அறை சுத்தம் செய்கிறாள். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆனால் பெரியப்பா, அவளும் தினமும் அந்தப் பேனருக்குக் கீழே நடந்துதானே வேலைக்குப் போனாள்? அவளிடம் யாராவது கேட்டார்களா, புண்பட்டிருந்தாளா இல்லையா என்று?

பேனரை இன்று கழற்றிவிட்டார்கள். நாளை விடிகாலை அவர்கள் வண்டி வழக்கம்போல நண்டு வாங்கக் கரைக்கு வரும். கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் வரும்.