மழைத்தோட்டத்தில் கொசு பெருகுமா?

மழைத்தோட்டம், அதாவது மழைநீரை மண்ணில் இறக்குவதற்காகச் செடிகள் நட்ட ஆழமற்ற பள்ளம், அமைத்தால் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகும் என்ற கருத்து பலமுறை பகிரப்பட்டுள்ளது. அச்சம் இயல்பானதே. ஆனால், 1990களில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டிக் குடியிருப்புகளில் மழைத்தோட்டங்கள் அமைக்கப்பட்ட காலம் முதலே, கூரையிலிருந்தும் சாலையிலிருந்தும் வழிந்துவரும் மழைநீரை ஓரிரு நாட்களுக்குள் மண்ணில் இறக்கிவிடும் வகையிலேயே இந்த ஆழமற்ற பள்ளங்கள் வடிவமைக்கப்படுகின்றன. கொசுவின் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறப்பதற்கோ பொதுவாக ஒரு வாரமாவது தேவை.

சரிபார்க்க விரும்புவோர், கனமழை ஓய்ந்து 48 மணி நேரம் கழித்து, அருகிலுள்ள மழைத்தோட்டத்தில் செடிகளின் தூர்களுக்கிடையே குனிந்து பார்க்கலாம். மண் ஈரமாக இருக்கும், நீர் நிற்காது. அப்படியும் நின்றால், பெரும்பாலும் வண்டல் அடைத்திருக்கும். தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் நாடிவரும் அந்தச் செடிகளைப் பிடுங்காமல், படிந்த வண்டலை மட்டும் அகற்றி மேல்மண்ணைக் கிளறிவிடுவதே முதலில் செய்ய வேண்டியது.