பாறையைப் பார்க்க எதற்கு வழிகாட்டி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துக்குப் போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து நாலைந்து நண்பர்கள் இதையே கேட்டுவிட்டார்கள். "இயற்கை கொடுத்த பாறை. அதற்கு டிக்கெட், கூடவே ஒரு ஆள் வேறா?" மறைப்பானேன், கிளம்பும் முன் நானும் வீட்டில் இதைத்தான் முணுமுணுத்தேன்.

நாங்கள் போனது பேஜ் ஊருக்கு அருகிலுள்ள லோயர் ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு. நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் மண். அவர்கள் அழைத்துப் போனால்தான் உள்ளே இறங்க முடியும். முந்தைய இரவு, 'நவஹோ நாடு' எனப்படும் அவர்களின் தன்னாட்சிப் பகுதியிலுள்ள மான்யுமென்ட் வேலியில் தங்கியிருந்தோம். கோடையில் நவஹோ நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். பேஜில் அந்த வழக்கம் இல்லை; இந்தக் கேன்யன் சுற்றுலாவும் பேஜ் நேரப்படிதான். இது தெரியாமல் அரக்கப்பரக்க ஓடிவந்து, ஒரு மணி நேரம் வெயிலில் காய்ந்தோம்.

மேலிருந்து பார்த்தால் தரையில் ஒரு வெடிப்பு, அவ்வளவுதான். இரும்புப் படிகளில் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. சில இடங்களில் உடம்பை ஒருக்களித்துத்தான் நகர வேண்டும். இருபுறமும் சுவர்கள் பட்டுச்சேலை மடிப்பாக நெளிகின்றன; மேலே வெளிர்மஞ்சள், நடுவில் காவி, அடியில் கத்தரிப்பூ நிறம். எங்கள் வழிகாட்டி இளம்பெண். தரையிலிருந்து ஒரு பிடி மணலை அள்ளிக் காட்டி, "சுவரும் இதுதான்" என்றார். டைனோசர் காலத்து மணல்மேடுகள் இறுகிக் கல்லானவை, சிவப்பு இரும்புத் துருவின் வேலை, செதுக்கியது வெள்ளம்.

பிறகு அண்ணாந்து பார்க்கச் சொன்னார். எட்டாத உயரத்தில் ஒரு மரக்கட்டை இரு சுவர்களுக்கும் நடுவே சிக்கிக் கிடந்தது. தண்ணீர் அவ்வளவு உயரம் வந்திருக்கிறது! 1997 ஆகஸ்ட் 12 அன்று பல மைல் தள்ளிப் பெய்த மழை இந்த இடுக்கில் வெள்ளமாகப் பாய்ந்து 11 பயணிகளைக் கொண்டுபோனது. பாறையில் முடுக்கிய படிகளும் எச்சரிக்கை ஒலிப்பானும் அதன் பிறகு வந்தவை. தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறதே என்று நம்பி நான் தனியாக இறங்கியிருப்பேன்.

குறையே இல்லையா? இருக்கிறது. ஒரு குழுவின் முதுகில் அடுத்த குழு. நின்று ரசிக்க விடுவதில்லை.

ஆனால் அது யார் மண் என்று யோசியுங்கள். 1864இல் அமெரிக்கப் படை இவர்களின் பயிர்களையும் பீச் தோப்புகளையும் அழித்து, ஆயிரக்கணக்கானோரை நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே கொண்டுபோய் அடைத்தது. அமெரிக்க அரசுடன் செய்த 1868 ஒப்பந்தத்தில்தான் ஊர் திரும்பினார்கள். இன்றும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. தண்ணீருக்கு வழிசெய்யும் கடமை அந்த ஒப்பந்தப்படி அரசுக்கு இல்லை என்று 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 எனத் தீர்ப்பளித்தது. தண்ணீர் செதுக்கிய கல்லைக் காட்டிப் பிழைக்கும் மக்களில் பலரின் வீட்டில் தண்ணீர் இல்லை. இவர்களிடம் போய் டிக்கெட் எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

டிப்ஸும் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.