ஒரு முழத் தூரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

என் மேசையின் இடப்பக்கம் மடிக்கணினி இருக்கிறது. வலப்பக்கம் கைபேசி இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. இரண்டும் என் பணத்தில் வாங்கியவை, இரண்டுக்கும் மின்கட்டணம் கட்டுகிறவன் நான், கைபேசிக்குள் கிடக்கும் காணொளியை எடுத்தவனும் நானே. அந்தக் காணொளியைக் கணினிக்கு மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கும், கணினியில் இருக்கும் ஒரு தமிழ் ஆவணத்தைக் கைபேசிக்குக் கொண்டுவந்து உறவினர்களுக்கு அனுப்புவதற்கும் சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவன், இரவுச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். அப்போதும் பாதி வேலைதான் முடிந்திருந்தது. "உங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை, பிள்ளைகள் யாராவது வரட்டும்" என்று வீட்டில் சொன்னார்கள். இருபத்தைந்து ஆண்டுகள் கணினியின் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவனைப் பார்த்துச் சொன்ன சொல் அது. குற்றம் யாரிடம் என்பதை எழுதித் தீர்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

காணொளி, அப்பாவின் சதாபிஷேகத்தில் எடுத்தது. கலச நீரை ஊற்றுவது தொடங்கி, பேரன் பேத்திகள் வரிசையாக விழுந்து கும்பிடுவது வரை இருபத்தெட்டு நிமிடம் நிறுத்தாமல் எடுத்திருந்தேன். 4கே தரம் என்பதால் கோப்பு ஐந்து ஜிபியைத் தொட்டிருந்தது. மேசை இழுப்பறையில் கிடந்த கேபிளை எடுத்துச் செருகினேன். கைபேசி சார்ஜ் ஏறத் தொடங்கியதே தவிர, கணினி அதைக் கண்டுகொள்ளவேயில்லை. துளையை மாற்றினேன், கணினியை அணைத்துப் போட்டேன், கைபேசியை அணைத்துப் போட்டேன், கேபிளின் முனையை வாயால் ஊதக்கூட ஊதினேன். முக்கால் மணி நேரம் கழித்துத் தெருமுனைக் கடைக்கு எடுத்துப் போனபோது, கடைத் தம்பி அதைக் கையில் வாங்காமலே, "சார், இது சார்ஜிங் கேபிள். டேட்டா போகாது சார்" என்றார்.

யூஎஸ்பி கேபிள் என்றால் உள்ளே குறைந்தது நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. செலவைக் குறைப்பதற்காகத் தரவுக் கம்பிகளை மட்டும் விட்டுவிட்டு, மேலே அதே உறை, அதே முனை, அதே கறுப்பு நிறம் வைத்து விற்கிறார்கள். வெளியே ஓர் எழுத்துகூடக் கிடையாது. நல்ல கேபிள்களிலாவது ஒழுங்கு உண்டா என்றால் அதுவும் இல்லை. சி வகை முனை கொண்ட ஒரு கேபிள் நொடிக்கு 480 மெகாபிட் கடத்தும், பார்ப்பதற்கு அச்சு அசலாக அதே போன்ற இன்னொன்று 40 கிகாபிட் கடத்தும். உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாவில் போட்டு, பெயர் ஒட்டாமல் அடுக்கி வைக்கிற அடுப்படியை எந்த வீட்டிலாவது பொறுத்துக்கொள்வார்களா?

சரியான கேபிள் வந்ததும் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். கைபேசி தானாகச் 'சார்ஜ் மட்டும்' என்ற நிலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. திரையின் மேலிருந்து அறிவிப்பை இழுத்து, அதைத் தொட்டு, 'கோப்புப் பரிமாற்றம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கும்வரை கணினியில் காலியான ஒரு சாளரம் தெரியும். பாதுகாப்புக்காக என்கிறார்கள். பொது இடத்தில் சார்ஜ் போடும்போது யாரும் உள்ளே புகக் கூடாது என்பது நியாயமான காரணம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலி சாளரத்தில், 'கைபேசியில் அனுமதி கொடுங்கள்' என்று ஒரு வரி எழுதி வைத்தால் யாருடைய பாதுகாப்பு பறிபோகும்?

அனுமதி கொடுத்த பிறகு தொடங்கியது உண்மையான வதை. முன்பெல்லாம் ஆண்ட்ராய்டு கைபேசியைச் செருகினால் அதன் நினைவட்டை ஒரு பென் டிரைவைப் போலக் கணினியில் வந்து நிற்கும். 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல் அந்த முறை மெல்ல ஒதுக்கப்பட்டு எம்டிபி என்ற நெறிமுறை, அதாவது இரு கருவிகள் பேசிக்கொள்வதற்கான ஒழுங்கு, அந்த இடத்துக்கு வந்தது. கேமராவிலிருந்து படங்களை எடுப்பதற்கென இருந்த பிடிபி என்ற நெறிமுறையை நீட்டி, பாட்டுக் கேட்கும் கருவிகளுக்காக உருவாக்கியது அது. பழைய முறையில் நினைவட்டையைக் கணினி பிடித்துக்கொண்டால் கைபேசிக்கு அது கிடைக்காது என்பதால் மாற்றினார்கள். இதுவும் நியாயந்தான். நியாயத்தின் பலன் என்னவென்றால், இப்போது கணினி தானே கோப்பை எட்டிப் பார்க்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் கைபேசியிடம் விண்ணப்பம் போட வேண்டும், கைபேசி ஒரு நேரத்தில் ஒரு விண்ணப்பத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். பதினோராயிரம் படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்தால், பச்சைக் கோடு ஒன்று மேலே நத்தையாக ஊரும். நாம் அதைப் பார்த்துக்கொண்டே காபி குடித்து முடிக்கலாம்.

நான் குடித்து முடித்தேன். காணொளி நகலாகத் தொடங்கியது. முக்கால் பங்கு போன பிறகு, 'கருவி பதிலளிக்கவில்லை' என்று ஒரு பெட்டி எழுந்து நின்றது. ஏன் என்று கேட்க அதில் இடமில்லை. 'சரி' என்ற ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. எது சரி? விட்ட இடத்திலிருந்து தொடரும் வழக்கம் இங்கே கிடையாது என்பதால் மறுபடியும் முதலிலிருந்து. இரண்டாம் முறையும் அப்படியே ஆயிற்று.

பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொன்னேன். "கிளவுடில் ஏற்றிக் கணினியில் இறக்கிக்கொள்ளுங்களேன் அப்பா, எதற்கு இந்தக் கேபிளோடு மல்லுக்கட்டுகிறீர்கள்?" என்றான். ஒரு முழம் தள்ளியிருக்கும் பெட்டிக்குப் போக வேண்டிய கோப்பு, எங்கோ எந்த ஊரிலோ இருக்கும் ஒரு தரவு மையத்துக்குப் பயணம் போய்விட்டு, என் மேசைக்கே திரும்பி வர வேண்டுமாம். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். மின்னஞ்சலோடு இலவசமாகத் தந்த 15 ஜிபி எப்போதோ நிரம்பிவிட்டது என்றும், மாதந்தோறும் இவ்வளவு கட்டினால் இடம் தருகிறோம் என்றும் திரை சொன்னது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நேர்வழி கெட்டுக் கிடப்பதைப் பற்றி யாரும் கவலைப்படாததற்குக் காரணம், சுற்றுவழியில் சுங்கச்சாவடி இருப்பதுதான். கேபிளில் கோப்பு ஒழுங்காகப் போனால் யாருக்கும் ஒரு காசு வராது. வாட்ஸ்அப்பிலும் அனுப்பிப் பார்க்க முடியாது. ஆவணமாக அனுப்பினால் 2 ஜிபி எல்லை. காணொளியாக அனுப்பினால் அது நசுக்கிப் பிழிந்து, அப்பாவின் முகத்தைச் சதுரம் சதுரமாக ஆக்கிவிடும்.

கடைசியில் கைபேசியிலேயே செருகும் 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்தேன். 29 ஜிபி காலியாக இருந்தது. ஐந்து ஜிபி கோப்பைப் போட்டால், 'கோப்பு மிகப் பெரியது' என்றது. அதில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை ஃபேட்32. 1996இல் விண்டோஸ் 95இன் திருத்தப் பதிப்போடு வந்த அந்த முறையில் ஒரு கோப்பின் அளவை எழுதி வைக்க 32 பிட்தான் இடம். ஆகவே ஒரு தனிக் கோப்பு 4,29,49,67,295 பைட்டைத் தாண்டக் கூடாது. இந்த எல்லையை நீக்கிய எக்ஸ்ஃபேட் 2006இலேயே வந்துவிட்டது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். நான் வாங்கிய பென் டிரைவ் இன்னும் ஃபேட்32இல்தான் வருகிறது. அதிலிருந்தவற்றை எடுத்து வேறிடத்தில் வைத்து, எக்ஸ்ஃபேட்டாக மாற்றி, மறுபடி போட்டு, பிற்பகல் மூன்று மணிக்குக் காணொளி ஒருவழியாகக் கணினிக்குள் காலெடுத்து வைத்தது.

திறந்தேன். நாதஸ்வரம் கேட்டது, படம் இல்லை, கறுப்புத் திரை மட்டும். இந்தக் காணொளியைக் காட்ட ஹெச்இவிசி என்ற நீட்டிப்பு தேவை, அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றது கணினி. ஹெச்இவிசி என்பது காணொளியைச் சுருக்கிச் சேமிக்கும் முறை. 2013இல் தரப்படுத்தப்பட்ட அது, அதற்கு முந்தைய முறையைவிடக் கோப்பின் அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது. நல்ல தொழில்நுட்பம், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் காப்புரிமைக்காக ஒன்றல்ல, மூன்று கூட்டமைப்புகள் தனித்தனியாகக் கைநீட்டின. அந்தச் சச்சரவின் மிச்சம்தான் என் கறுப்புத் திரை. கேட்கும் தொகை சிறியதுதான். என் அப்பாவை நான் எடுத்த படத்தை என் கணினியில் நான் பார்ப்பதற்கு நுழைவுச்சீட்டா என்பதே என் கேள்வி.

காசு கொடுக்க மாட்டேன் என்று வீம்பாக இலவச மீடியா பிளேயர் ஒன்றைத் தேடினேன். இங்கே ஒரு தவறு என்னுடையது என்று ஒப்புக்கொள்கிறேன்: தேடலில் முதலில் வந்த இணைப்பையே திறந்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் 'பதிவிறக்கு' என்ற பச்சைப் பொத்தான்கள் நான்கு இருந்தன. மூன்று விளம்பரங்கள்; உண்மையானது, நான்கிலும் சிறியதாக, சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பச்சையில் இருந்தது. இன்ஸ்டால் செய்யும்போது ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தார்கள். 'பரிந்துரைக்கப்பட்ட முறை' என்பதைத் தொட்டால் அத்தனையும் உள்ளே வரும். 'தனிப்பயன்' என்பதைத் தொட்டால்தான் டிக்கை எடுக்க முடியும். அதுவோ செயலிழந்த பொத்தானைப் போல வெளிறிக் கிடந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று டிக்குகளை எடுத்தேன். நான்காவது தப்பிவிட்டது. ஐந்து நிமிடத்தில் உலாவியின் முகப்புப் பக்கம் மாறியது, திரையின் மூலையில் வானிலை வந்து உட்கார்ந்தது, 'உங்கள் கணினியில் கோளாறுகள் உள்ளன' என்று முன்பின் தெரியாத ஒரு மென்பொருள் எச்சரிக்கத் தொடங்கியது. கோளாறு எதுவென்று எனக்குத் தெரியும்; எச்சரித்த அதுதான்.

அத்தனையையும் பிடுங்கி எறிந்துவிட்டு, முதலிலேயே செய்திருக்க வேண்டியபடி விஎல்சி என்ற இலவச மீடியா பிளேயரை அதன் சொந்தத் தளத்துக்குப் போய் இறக்கினேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்து, படம் ஓடியது. 1996இல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர்கள் வளாக வலையமைப்பில் காணொளியை ஓடவிடத் தொடங்கிய முயற்சி அது. 2001 முதல் திறந்த மூல மென்பொருள். தேவையானதைத் தன்னோடே கொண்டு வருகிறது, விளம்பரம் இல்லை, டிக் போட்ட கட்டம் இல்லை. ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு இப்படி ஒரு சான்று கண்முன் இருக்கும்போது, மற்றவர்கள் சொல்லும் சாக்குகள் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தத் தளத்துக்கும் நம் நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? 2022இல் பல மாதங்கள் அது இந்தியாவின் பல இணையச் சேவைகளில் திறக்கவேயில்லை. வழக்கறிஞர் நோட்டீஸ் போன பிறகு அந்த ஆண்டு நவம்பரில்தான் தடை நீங்கியது. யோக்கியமான கடையைப் பூட்டிவிட்டு, நான்கு பச்சைப் பொத்தான் கடைகளைத் திறந்து வைத்திருந்த காலம் அது.

இனி, ஆவணம். எங்கள் குடும்ப வரலாற்றை அப்பா பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு டிடிபி கடையில் கொடுத்து 46 பக்கங்களுக்குத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். சித்தப்பா மகன் அதைக் கைபேசியில் கேட்டான். அனுப்பிய மறு நிமிடமே அழைத்து, "அண்ணா, ஒரே இங்கிலீஷா இருக்கு" என்றான். கடைக்காரர் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். பாமினியில் 'தமிழ்' என்ற சொல் உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் அது தமிழாக வேஷம் போடும். கைபேசியில் வேஷம் கலைந்துவிட்டது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் தரும் பொதுத்தரமான யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்தது 1991இல். தமிழக அரசு அதை ஏற்று அறிவித்தது 2010இல். இன்றைக்கும் பல அச்சகங்களில் பாமினிதான் ஓடுகிறது.

பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். படிக்க முடிந்தது, ஆனால் ஒரு பெயரைத் தேட முடியாது, தம் கிளையில் பிறந்த குழந்தைகளைச் சேர்க்க முடியாது. அவன் கேட்டதே சேர்ப்பதற்காகத்தான். யூனிகோடு மாற்றியில் போட்டபோது தமிழ் தமிழாயிற்று. கூடவே, ஆங்கிலத்தில் அடித்திருந்த பட்டங்களும் முன்னெழுத்துகளும் தமிழாக மாறி, பெரியப்பாவின் பெயருக்குப் பின்னால் எந்த மொழியிலும் பொருள் இல்லாத நான்கு எழுத்துகள் தொங்கின. அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன். நேற்றிரவு வரை பதினேழு பக்கம் முடிந்திருக்கிறது. அப்பா ஊஞ்சலில் இருந்தபடியே, "ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டிருந்தால் அவரவர் தம் கையாலேயே எழுதிக் கொடுத்திருப்பார்களே" என்றார். அவர் சொல்வது சரியாக இருப்பதுதான் என் ஆத்திரத்தை இன்னும் கூட்டுகிறது.