கையெழுத்திடும் அதிகாரம் யாரிடம் இருந்தது?

2003 நவம்பர் 4 அன்று பிரதமர் ரணில் விக்கிரமசிங்க வாஷிங்டனில் இருந்தார். மறுநாள் ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷைச் சந்திப்பதற்கு ஏற்பாடாகியிருந்தது. அந்த நாளிலேயே கொழும்பில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, பாதுகாப்பு, உள்நாட்டு அலுவல்கள், வெகுஜனத் தொடர்பு ஆகிய மூன்று அமைச்சுகளையும் தம்வசம் எடுத்துக்கொண்டு, நாடாளுமன்ற அமர்வையும் நவம்பர் 19 வரை நிறுத்திவைத்தார். புலிகளுடனான சமாதான முயற்சிக்கு அமெரிக்காவின் ஆதரவைத் திரட்டச் சென்றிருந்த பிரதமர், வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தபோது அவருடைய அரசாங்கத்தின் கையில் பாதுகாப்பு அமைச்சே இல்லை.

அந்தச் சமாதான முயற்சி ஏன் முறிந்தது என்று நம்மவர்கள் பேசும்போதெல்லாம் புலிகளின் முடிவுகள், நோர்வேயின் நோக்கங்கள், இந்தியாவின் மௌனம் ஆகியவையே விவாதத்தில் முன்னுக்கு வருகின்றன. அவற்றைப் பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொழும்பில் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையே இருந்த அதிகார இழுபறி, வெளிநாடுகளுக்கு இலங்கை கொடுத்த ஒவ்வொரு வாக்குறுதியின் மதிப்பையும் குறைத்தது என்பதை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இழுபறியின் வேர் 1978 அரசியலமைப்பில் இருக்கிறது. அதன்படி அரசின் தலைவர், அரசாங்கத்தின் தலைவர், முப்படைகளின் தளபதி ஆகிய மூவரும் ஒருவரே, அவர் மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்படும் ஜனாதிபதி. 2001 டிசம்பர் தேர்தலில் நாடாளுமன்றப் பெரும்பான்மை எதிர்த் தரப்புக்குப் போனதும், படைகள் சட்டப்படி ஒருவரிடமும், பேச்சுவார்த்தை நடைமுறையில் இன்னொருவரிடமும் இருக்கும் நிலை உருவானது. 2002 பெப்ரவரி 23 அன்று நடைமுறைக்கு வந்த போர்நிறுத்த உடன்படிக்கையில் அரசின் சார்பில் கையெழுத்திட்டவர் பிரதமர். தம்மைக் கலந்தாலோசிக்கவில்லை என்று ஜனாதிபதி வெளிப்படையாகவே குறை கூறினார். நோர்வேயை அனுசரணையாளராக 2000ஆம் ஆண்டில் அழைத்துவந்தவரும் அவரே என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2003 ஒக்டோபரில் அவர் நோர்வேப் பிரதமருக்கு எழுதி, போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவின் தலைவரை மாற்றும்படி கேட்டார். தன் நாட்டுப் பிரதமர் ஏற்றுக்கொண்டு பணியாற்றிவந்த ஒரு வெளிநாட்டு அதிகாரியை விலக்கும்படி, ஒரு நாட்டின் ஜனாதிபதி இன்னொரு நாட்டின் பிரதமருக்கு எழுதுகிறார். இதைப் படிக்கும் ஒஸ்லோ அதிகாரி, கொழும்பின் எந்தக் குரலை இலங்கை அரசின் குரலாக எடுத்துக்கொள்வார்?

நவம்பர் 14 அன்று நோர்வேயின் துணை வெளிவிவகார அமைச்சர் விதார் ஹெல்கெசன் கொழும்பில் அதற்குப் பதில் சொன்னார். சமாதான முயற்சிக்கான அரசியல் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது தெளிவாகும் வரை நோர்வே தன் அனுசரணைப் பணியை இடைநிறுத்துவதாக அறிவித்துவிட்டு அவரும் நோர்வேயின் சிறப்புத் தூதர் எரிக் சொல்ஹெய்மும் புறப்பட்டார்கள். ஒரு நடுநிலைத் தரப்பு இதைவிடப் பண்பாகச் சொல்லியிருக்க முடியாது. அதே ஆண்டு ஜூனில்தான் தோக்கியோ மாநாட்டில் நன்கொடை நாடுகள் நான்கு ஆண்டுகளுக்கு 450 கோடி அமெரிக்க டொலர் தருவதாக வாக்களித்து, அந்த உதவியைச் சமாதான முன்னேற்றத்துடன் பிணைத்திருந்தன. முன்னேற்றத்துக்குப் பொறுப்பேற்க யார் என்றே தெரியாத நிலையில் அந்தப் பிணைப்புக்கு என்ன பொருள் இருந்திருக்க முடியும்?

எல்லாப் பழியையும் இந்த இழுபறியின் மீது போடுவது நியாயமாகாது. புலிகள் 2003 ஏப்ரலிலேயே பேச்சுவார்த்தையிலிருந்து விலகியிருந்தார்கள், தோக்கியோவுக்கும் போகவில்லை. ஆயினும் ஒக்டோபர் 31 அன்று அவர்கள் வடக்கு கிழக்குக்கான இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபையின் முன்மொழிவை அனுசரணையாளர்கள் வழியாகக் கையளித்தார்கள். அதை ஏற்பதா, மறுப்பதா, திருத்துவதா என்பது வேறு விவாதம். எழுத்தில் ஒரு முன்மொழிவு மேசைக்கு வந்த நான்காவது நாளில், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய தரப்பே இரண்டாகப் பிளந்து நின்றது என்பதுதான் என் ஆதங்கம். அந்த மேசையில் பேசப்பட்டுக்கொண்டிருந்தது வன்னியிலும் வாகரையிலும் இருந்த மக்களின் உயிர். அடுத்த பெப்ரவரியில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. முன்மொழிவின் மீது பேச்சுவார்த்தை ஒருபோதும் நடக்கவில்லை.

ஆட்சி மாறினால் தீர்ந்துவிடும் என்றவர்களும் இருந்தார்கள். தேர்தலில் ஆட்சியும் சந்திரிகாவின் கூட்டணிக்கு மாறியது. 2005 ஜூனில், ஆழிப்பேரலை நிவாரணத்தைப் பகிர்வதற்கான பொதுக் கட்டமைப்பில் சந்திரிகாவின் அரசே கையெழுத்திட முன்வந்தபோது, கூட்டணியிலிருந்த மக்கள் விடுதலை முன்னணி ஆட்சியை விட்டு வெளியேறியது, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நன்கொடை நாடுகள் நிதியோடு காத்திருந்த கட்டமைப்பு இயங்காமலே போனது.

2015க்குப் பிறகு இதே காட்சி வேறொரு ஜனாதிபதியோடு திரும்பியது, பிரதமர் மறுபடியும் ரணில். போர்க்காலக் கொடுமைகளுக்குப் பொறுப்புக்கூறலைக் கோரி ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை கொண்டுவந்த தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை வழங்கியது. 2019 மார்ச்சில் அது புதுப்பிக்கப்பட்டபோது, தன்னைக் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பகிரங்கமாகச் சொன்னார். காணாமல் ஆக்கப்பட்ட தன் பிள்ளையின் படத்தை ஏந்தி வீதியோரத்தில் உட்கார்ந்திருந்த தாய்க்கு அந்தத் தீர்மானம்தான் மிச்சமிருந்த நம்பிக்கை. அதன் மீது நாட்டின் தலைவரே கைவிரித்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2018 ஒக்டோபர் 26 முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை, நாட்டில் பிரதமர் யார் என்பதே சர்ச்சையாக இருந்தது. சர்வதேச நாணய நிதியம் கடன் தவணை குறித்த பேச்சைத் தள்ளிவைத்தது. மூடிஸ், ஃபிட்ச், எஸ் அண்ட் பி ஆகிய மூன்று நிறுவனங்களும் இலங்கையின் கடன் தரத்தைக் குறைத்தன.

இவற்றையெல்லாம்விடக் கொடியது 2019 ஏப்ரலில் நடந்தது. தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்று இந்தியப் புலனாய்வுத் துறை ஏப்ரல் 4 அன்றே எச்சரித்தது. நட்பு நாடொன்று தரக்கூடிய மிக விலைமதிப்புள்ள உதவி அது. பிரதமர் ரணிலோ, தமக்கு அது தெரிவிக்கப்படவில்லை என்றும், முந்திய ஒக்டோபர் நெருக்கடிக்குப் பின் தேசியப் பாதுகாப்புச் சபைக்குத் தம்மை அழைப்பதில்லை என்றும் சொன்னார். உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதிகாரிகளின் அலட்சியத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் உச்சியில் இருந்த இருவரும் ஒரே மேசையில் அமர மறுத்த ஓர் அரசில், எச்சரிக்கை போய்ச் சேர வேண்டிய இடமே இல்லாமற்போனது.

கருத்து வேறுபாடு ஜனநாயகத்தின் இயல்பு என்பார்கள். ஏற்கிறேன். உடன்படிக்கை ஒன்றை நாடாளுமன்றம் கேள்வி கேட்டுத் திருத்துவது ஒரு நாட்டுக்குப் பலமே, 'என் நாடாளுமன்றம் இதை ஏற்காது' என்று சொல்ல முடிகிற தூதுவர் பேரத்தில் வலுவாக நிற்பார். இலங்கையில் நடந்தது அதுவல்ல. கொள்கையில் சந்திரிகாவுக்கும் ரணிலுக்கும் இருந்த தூரம், அவர்கள் மோதிக்கொண்ட அளவுக்குப் பெரியதாக இருக்கவில்லை, 2000இல் அதிகாரப் பகிர்வு வரைபைக் கொண்டுவந்தவர் சந்திரிகா. சண்டை, பெயர் யாருக்குப் போகும் என்பதில் இருந்தது.

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் அணியே 225 இடங்களில் 159ஐ வென்றது. வட மாகாண சபையின் பதவிக்காலம் முடிந்து அப்போது ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன, 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தின் வழியே வந்த அந்தச் சபைக்குத் தேர்தல் நடத்தப்படவில்லை. பெரும்பான்மை இல்லை, மறு தரப்பு விடாது என்று டெல்லிக்கும் ஜெனிவாவுக்கும் கொழும்பு சொல்லிவந்த விளக்கம் இந்த ஆட்சிக்குப் பொருந்தாது. பேச வரும் தூதர்கள் அந்த 159ஐ முன்வைத்துத்தான் கேள்வியைத் தொடங்க வேண்டும், நம்முடைய பிரதிநிதிகளும் அதைத்தான் அவர்களிடம் வலியுறுத்த வேண்டும்.